ஓவனுக்கு வைத்த பொட்டு

அக்டோபர் 2, வியாழன்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. இன்று சூலூரில் அண்ணன் வீட்டில் அந்தப் பெயரைக் கெடாமல் காப்பாற்றிவிட்டு வந்தேன்.

விஜயதசமிக்கு எல்லோரும் கூடியிருந்தோம். அண்ணன் பொன்னுச்சாமிக்கு நூல் வியாபாரம், வீட்டை ஒட்டியே குடோன். அவர் மகள் நிவேதாவுக்கு வருகிற இருபத்தாறாம் தேதி நிச்சயம். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் பேச்சுவாக்கில் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தம்பி என்ன பண்றீங்க?" என்றார். இவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"மாப்ள ஊட்லதானுங் இருக்காப்ல. பம்பு கம்பெனிய மூடுனதுல இருந்து சும்மாதான். அதான் அடுத்த மாசம் ஒண்ணாந்தேதில இருந்து நம்ம குடோன்ல வந்து உக்காருங்னு சொல்லியிருக்கறன். சாவி இடுப்புல இருந்தா மனுசனுக்கு ஒரு கெவுருதி பாருங்."

அண்ணன் கெட்டவர் இல்லை. உதவி செய்வதை ஊருக்குக் கேட்கிற மாதிரி செய்வார், அவ்வளவுதான். அந்த விஷயத்தில் நாங்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இவர் காபி டம்ளருக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். எனக்கு அந்த நேரம் பார்த்துத் தொண்டை அரித்தது.

"குடோனுக்கு வர்றதுக்கு அவருக்கு நேரம் ஏதுங்ணா? நிவேதா நிச்சயத்துக்கு மூணடுக்குக் கேக்கு அவருதான் பண்றாரு" என்றேன்.

அண்ணன், "கேக்கா? நாச்சிமுத்து மாப்ளையா?" என்றார். அண்ணி, "பேக்கரில சொல்லியாச்சே அம்மிணி" என்றாள். "வேண்டாம்னு சொல்லீருங் அண்ணி" என்றேன் நான். தெருவுக்கு நாலு பேக்கரி இருக்கிற ஊரில் இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். என்னிடம் தைரியம் எப்போதும் கையிருப்பு அதிகம். யோசனைதான் தீர்ந்துபோய்விடும்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் இவர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். சிங்காநல்லூர் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் மெதுவாகக் கேட்டார்: "மூணடுக்கா?"

"ரெண்டுன்னா பாக்கறதுக்கு அம்மி மாதிரி இருக்குமுங்க."

பச்சை விழுந்தது. கொஞ்ச தூரம் போனபின் சொன்னார்: "செரி, பண்றன். ஆனா ஒண்ணு சாந்தாமணி. இது செரியா வர்லீன்னா நான் பேசாம மச்சான் குடோனுக்குப் போயர்றன். பொறவு நீ ஒண்ணும் சொல்லக்கூடாது."

சரி என்றேன். இவருடைய கேக் சரியாக வராமல் என்ன?

அக்டோபர் 3, வெள்ளி

உடம்பெல்லாம் வலி. ஆயுத பூஜைக்காக வீட்டைக் கழுவியதன் மிச்சம். நான் தேய்க்க ஆரம்பித்தால் பாத்திரத்தில் பெயர் கூட நிற்காது. மிக்ஸி, கிரைண்டர், ஸ்கூட்டர், என் சிவப்புப் பேனா, ஓவன் எல்லாவற்றுக்கும் ஸ்டீல் நார் குளியல். பிறகு சந்தனம், குங்குமம். முந்தாநாள்வரை அழுக்காக இருந்த ஓவன் இப்போது கல்யாணப் பெண் மாதிரி நிற்கிறது.

இந்த ஓவனைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். மகள் பெங்களூரில் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது. ரொம்ப நாள் அதற்குள் அப்பளக் கட்டும் இட்லித் துணியும்தான் குடியிருந்தன. சித்திரையில் இவர் கம்பெனி மூடியது. இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் தலைமை ஆள். இவர் கையெழுத்து இல்லாமல் ஒரு பம்பு கேட்டைத் தாண்டாது. அப்படிப்பட்டவர் கட்டிலில் உட்கார்ந்து முந்தாநாள் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் அதே பக்கம்தான் திறந்திருக்கும். ஒரு நாள் வந்து பார்த்தால் இட்லித் துணி வெளியே கிடக்கிறது, வீடு முழுக்க வெண்ணெய் வாசம். தட்டில் ஒரு பன். பக்கத்தில் இவர், கையைக் கட்டிக்கொண்டு, நான் தின்பதை இன்ஸ்பெக்‌ஷன் செய்துகொண்டு.

அந்த பன்னைப் பற்றி நான் அடக்கமாகப் பேசுவதாக உத்தேசமில்லை. அதற்குப் பிறகு காலனியில் வாங்கித் தின்னாத வீடு கிடையாது.

அக்டோபர் 4, சனி

முதல் ஒத்திகை. மேலே லேசாகக் காய்ந்திருக்கிறது, நடுவில் தோசை மாவு. இவர் ஊசியைச் செருகி எடுத்துப் பார்த்தார். இன்னொரு பக்கம் செருகினார். ஊசியை வெளிச்சத்தில் பிடித்து, "ரிஜெக்ட்" என்றார்.

"புரட்டாசிங்க. முட்டை போடலைல்ல, அதான்" என்றேன்.

"முட்டை போடாததுக்கு எழும்பாமப் போலாம். வேகாமப் போறதுக்கு முட்டை என்ன பண்ணும்?"

கணக்கு டீச்சரை இப்படி மடக்குவது நியாயமில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

இவர் ஓவனை ஒழுங்குமுறையோடு விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் பிளக். பெரிய பிளக்கில்தான் இருக்கிறது, சூடாகவில்லை, சரி. அடுத்து கம்பிகள். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் சிவக்கின்றன, சரி. ஆனால் சிவந்த கையோடு அணைந்துவிடுகின்றன. பிறகு நெடுநேரம் எரிவதில்லை. "சீக்கிரம் கட் ஆகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "கம்பெனியா இருந்தா உள்ள என்ன சூடுன்னு மீட்டர் வெச்சு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, போய்க் கை கழுவினார்.

ஆன்லைனில் ஒரு வெப்பமானி ஆர்டர் போட்டிருக்கிறார். தீபாவளி நெரிசலில் அது எந்த லாரியில் தூங்குகிறதோ.

எதிர்வீட்டுச் சுலோச்சனாக்கா வந்தாள். காலனியில் எந்த வீட்டில் எது பழுதானாலும் முதலில் தெரிவது அவளுக்குத்தான். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பும் சொன்னாள்: "இது திருஷ்டி அம்மிணி. நீ போற எடமெல்லாம் ஊட்டுக்காரரு பன்னப் பத்திப் பேசறயல்லோ? பேசப் பேசப் பட்டிருச்சு."

ஓவன் முன்னால் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டுப் போனாள். போகும்போது நேற்றைய கேக்கில் வெந்த ஓரத்தை எடுத்துக்கொண்டும் போனாள்.

அக்டோபர் 6, திங்கள்

வேகாத நடுப்பகுதியை டப்பாவில் போட்டு ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோனேன். ஹெச்.எம். இரண்டு தடவை வாங்கிக்கொண்டு, "இது என்ன ஸ்வீட்டுங்க டீச்சர்?" என்றார். புட்டிங் என்றேன். செய்முறை கேட்டார். அது குடும்ப ரகசியம் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

கதவு ஆராய்ச்சி. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். தாள் வரவில்லை, கிழிந்தது. கதவு இறுக்கம், சரி. சூட்டைக் கடைசிவரை திருப்பி வைத்து இன்னொரு கேக் போட்டார். அது வெந்தது. செருப்புக் கடையில் வைத்தால் யாராவது எடுத்து மாட்டிப் பார்ப்பார்கள்.

அக்டோபர் 8, புதன்

இன்று நடந்ததை எழுதினால் நம்ப மாட்டார்கள். ரஸ்க் உலர்த்துவதற்காக ஓவனை இருப்பதிலேயே சின்னச் சூட்டில் வைத்துவிட்டு இவர் கடைக்குப் போனார். நான் ஏழாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். புகை வந்தது. திறந்தால் ரஸ்க் எல்லாம் அடுப்புக்கரி.

பெரிய சூட்டில் வேகாத ஓவன் சின்னச் சூட்டில் எரிக்கிறது! திருவிழாவுக்குக் கூப்பிட்டால் வராமல் கூப்பிடாதபோது பந்தியில் உட்காருகிற சொந்தக்காரர் மாதிரி.

இவர் கரியைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "ஒண்ணும் புடிபட மாட்டீங்குது" என்றார். இருபத்தாறு வருஷத்தில் இந்த வாக்கியத்தை இவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

மெக்கானிக் ஸ்டீபன் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் குமிழைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கிற தண்டைக் குறடால் திருகினார். ஓவன் காய்ந்தது பாருங்கள், கடைக்குள் நிற்க முடியவில்லை. சோதனைக்கு உள்ளே வைத்த வடை கூட மொறுமொறுவென்று ஆனது.

"இதுல ஒரு கொறையும் இல்லீங்ணா. தெர்மோஸ்டாட் அருமையா வேலை செய்யுது" என்று குமிழை இருந்த வாக்கிலேயே திரும்பச் சொருகிக் கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தோம். பழைய கதைதான். நடுவில் மாவு.

அக்டோபர் 11, சனி

அங்கே நன்றாக இருக்கிறது, இங்கே இல்லை என்றால் குறை வீட்டில்தான் என்று முடிவாயிற்று. சுலோச்சனாக்கா, "அக்னி மூலைல வெக்காம வேற எங்க வெச்சாலும் சூடு நிக்காது" என்றாள். இவர் இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. ஆனால் பேசாமல் ஓவனைத் தூக்கித் தென்கிழக்கு மூலையில் வைத்தார். அதற்காக ஃபிரிட்ஜை நகர்த்தினோம். ஃபிரிட்ஜுக்காக அரிசி டிரம்மை நகர்த்தினோம். இப்போது அரிசி டிரம் பூஜை அறையில் இருக்கிறது. சாமி கும்பிடும்போது பக்கவாட்டில்தான் நிற்க முடிகிறது.

கேக் மட்டும் நகரவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

சாயங்காலம் வந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பேப்பர்.

"இன்னைக்குப் போடலீங்களா?" என்றேன்.

"ஓவன் நல்லா இருக்குதுன்னு மெக்கானிக்கே சொல்லீட்டான். கரண்ட் நல்லா இருக்குது. மாவு அதே மாவு. அப்பறம் மிச்சம் என்ன இருக்குது? என்னோட கைதான். கை போயிருச்சு சாந்தா."

நான் சிரித்து வைத்தேன். பேப்பரை எட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையுடையது.

அக்டோபர் 14, செவ்வாய்

அண்ணன் போன் செய்தார். "அம்மிணி, பேக்கரிக்கு இன்னும் அட்வான்ஸ் இருக்குது. மாப்ளைக்குச் சிரமம்னா சொல்லு, ஒண்ணும் தப்பில்ல."

"சிரமமா? நேத்துப் போட்ட கேக்கு பஞ்சு மாதிரி இருந்துச்சுங்ணா" என்றேன்.

நேற்று கேக் போடவில்லை என்பது ஒரு சின்ன விவரம்.

அக்டோபர் 16, வியாழன்

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இவர் ஓவன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவரை முடுக்கிவிட வேண்டும் என்று நானும் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தத் திருகற நாப்புல ஒரு வெள்ளைக் கோடு இருந்துச்சே, எங்கீங்க?"

"அதத்தான் நீ தேச்சே அழிச்சுட்டயே."

"அப்பறம் எப்பிடிச் சூடு வெக்கறீங்க?"

"ஏன், பொட்டு இருக்குதல்லோ? பொட்டு எங்க இருக்குதோ அதுதான் சூட்டக் காட்டற முனை. எங்க கம்பெனில டயலுக்கெல்லாம் ஆயுத பூஜைல சைபர் எடத்துலதான் பொட்டு வெப்போம். அது தானா உதுர்ற வரைக்கும் யாரும் தொட மாட்டோம். கோடு அழிஞ்சாலும் பொட்டு சொல்லும்."

அந்தக் குமிழ் வட்டமானது. நடுவில் விரலால் பிடிக்க ஒரு வரம்பு குறுக்கே ஓடும். வரம்புக்கு இரண்டு முனை. ஒரு முனையில்தான் கோடு இருந்தது. முழுச் சுற்றும் சுற்றுகிற ரகம். பூஜையன்று ஓவன் அணைந்திருந்தது. அணைந்திருக்கும்போது கோடு கீழே பார்க்கும். நான் பொட்டு வைத்தேன். பொட்டு என்றால் எங்கே வைப்பார்கள்? நெற்றியில்தானே? மேலே பார்த்த முனையில் வைத்தேன்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. வெங்காயம்" என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

அரை நாள் லீவு. தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன். ஏழாம் வகுப்புக்கு இந்த வாரம் பாடம் கோணங்கள். நேர்கோணம் நூற்றெண்பது பாகை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வந்த தலைவலி.

இவர் மாவு வாங்கப் போயிருந்த நேரத்தில் பழைய பொட்டை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தேன். எதிர் முனையில் அதே அளவு, அதே வட்டம், சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். அளவு எடுத்தாலும் வித்தியாசம் தெரியாது. நானும் இன்ஸ்பெக்டர் பெண்டாட்டிதான்.

நாளைக்குக் கேக் வெந்துவிடும். கை போனது என்று இனிச் சொல்ல மாட்டார். என் பங்கு எதுவும் வெளியே வராது. அண்ணனுக்கு வேண்டுமானால் பத்து வருஷம் கழித்துச் சொல்லலாம்.

தெரியாமல் செய்ததை யாருக்கும் தெரியாமல் சரிசெய்வதும் ஒரு திறமைதான். இன்று என்னை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அக்டோபர் 18, சனி

ஐப்பசி பிறந்துவிட்டது, முட்டை வந்துவிட்டது. இவருக்குக் காலையிலிருந்து ஒரு தனி உற்சாகம். பாட்டுக் கூடப் பாடினார். எனக்கும் உற்சாகம். இரண்டு பேரும் காரணம் சொல்லாமல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

கேக்கை வெளியே எடுத்தார். ஊசியைச் செருகினார்.

மாவு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இவர் ஒரு ஜிலேபி கூடத் தொடவில்லை. "நாளைக்கு மச்சானுக்குப் போன் போட்டு, பேக்கரிலயே வாங்கிக்கச் சொல்லீர்றன். ஒண்ணாந்தேதில இருந்து குடோனுக்கு வர்றன்னும் சொல்லீர்றன்" என்றார். வெளியே பட்டாசு. நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

காலை டிபன் முடிந்ததும் இவர் போனை எடுத்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அண்ணன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடி போடவில்லை, அதனால் நேரமாயிற்று. இல்லாவிட்டால் இன்றைக்கு எல்லாம் முடிந்திருக்கும்.

"போன வையுங்க. உங்க கைல ஒண்ணுமில்ல. அந்தப் பொட்டு" என்றேன்.

"பொட்டுக்கு என்ன?"

"அது தப்பான முனைல இருந்துச்சு."

"தெரியும்" என்றார்.

நான் முழித்தேன். "தெரியுமா?"

"அன்னைக்கு வெங்காயம் உரிக்கறப்ப நீ மூஞ்சிய வெச்ச மாதிரியப் பாத்தா எவனுக்குத்தான் தெரியாது? இருபத்தாறு வருசமா அந்த மூஞ்சியப் பாக்கறன். மறுநாள் காலைல நீ பள்ளிக்கூடம் போனதும் நாப்பக் கழட்டி, திருப்பி மாட்டீட்டன். பூஜைப் பொட்ட எதுக்கு அழிக்கோணும், பொட்டு இருக்கற முனையே செரியான முனையா இருந்துட்டுப் போகட்டும்னு."

"மறுநாள்னா?"

"பதினேழு. வெள்ளிக்கெழம காலைல."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "நான் வெள்ளிக்கெழம மத்தியானம் பொட்ட அழிச்சு எதிர் முனைல வெச்சனே!"

இவர் போனைக் கீழே வைத்தார். ஓவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

"உனக்கு ஒரு மாதிரி ஆயிருமேன்னுதான்."

"எனக்கும் அதேதான்" என்றேன். இது முழு உண்மையில்லை, ஆனால் அந்த நேரத்தில் பொருத்தமாக இருந்தது.

இவர் விரலால் காற்றில் ஒரு அரைவட்டம் போட்டார். பிறகு இன்னொரு அரைவட்டம். "நூத்தியெம்பது. இன்னொரு நூத்தியெம்பது. டீச்சரம்மா, கூட்டுனா எவ்வளவு?"

"முந்நூத்தியறுபதுங்க" என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், பிறகு தோளால், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு. சுலோச்சனாக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "என்ன அம்மிணி, ஊட்டுக்காரருக்கு என்னாச்சு?" என்றாள். "திருஷ்டி கழிஞ்சிருச்சுங்க்கா" என்றேன். அவளுக்கு அதில் ரொம்பத் திருப்தி.

சித்திரைக்கு அப்புறம் இந்தச் சிரிப்பு இந்த வீட்டில் கேட்டதில்லை. பிசாசு பிடித்த ஓவன் இன்னும் இரண்டு வாரம் பழுதாகவே இருந்திருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான்.

ஒன்று மட்டும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன். முதல் தப்பு அந்தக் கோட்டை அச்சடித்தவர்களுடையது. ஸ்டீல் நாரைத் தாங்காத கோடெல்லாம் ஒரு கோடா?

அக்டோபர் 22, புதன்

இன்று கட்டிலுக்கு அடியிலிருந்து கருவிப் பெட்டி வெளியே வந்தது. கம்பெனி மூடிய அன்று வைத்தது. பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டியிருந்தது.

குமிழைக் கழற்றி, துணியில் சுற்றி, கூரான கம்பியால் சரியான முனையில் ஒரு கோடு கீறினார். அதில் வெள்ளைப் பெயிண்டை ஊற்றித் துடைத்தார். எனக்குத் தெரிந்து இவ்வளவு அழகான கோடு எந்த வீட்டு ஓவனிலும் இருக்காது. விரலை வைத்தால் பள்ளம் தெரிகிறது.

"இனி எத வெச்சு வேணாலும் தேய்" என்றார்.

பிறகு ஒரு சின்னக் கேக் போட்டார். ஊசி சுத்தமாக வந்தது. ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னிடம் நீட்டினார், நானும் பார்த்தேன். அந்த ஊசியில் ஒரு பொடி கூட இல்லை.

அக்டோபர் 25, சனி

மூன்று அடுக்கும் தயார். காலையிலிருந்து வீட்டில் வெனிலா, வெண்ணெய், சுடுகிற சர்க்கரை. தெருவில் போகிறவர்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

கிரீம் பூசி அடுக்கியபின் இவர் செய்ததைச் சொன்னால் அண்ணி சிரிப்பாள். கேக் மேல் ஒரு கண்ணாடித் தட்டை வைத்து, தட்டின் மேல் ரசமட்டத்தை வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஒரு மயிரளவு இடது பக்கம் போனது. கேக்கை எடுத்து, அடியில் சீவி, மறுபடி வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. "பாஸ்" என்றார்.

நிச்சயதார்த்தக் கேக்குக்கு மட்டம் பார்த்தவர் இந்த மாவட்டத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். நான் நாலு கோணத்தில் போட்டோ எடுத்து, எனக்குத் தெரிந்த எல்லாருக்கும், தெரியாத இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

கீழ் இரண்டு அடுக்கும் வேனின் பின்சீட்டில், மேல் அடுக்கு என் மடியில். சூலூர் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் இவர், "பாத்து, பாத்து" என்று டிரைவரிடம் சொல்லி, கடைசியில் டிரைவரே, "அண்ணா, எங்கூட்டுப் பிரசவத்துக்குக் கூட இப்பிடிப் போனதில்லீங்" என்றார்.

தாம்பூலம் மாற்றி, உப்பும் சர்க்கரையும் மாற்றி முடிந்ததும் நிவேதா கேக் வெட்டினாள். கத்தி உள்ளே இறங்கியதைப் பார்த்தேன். எங்கேயும் ஒட்டவில்லை. கடைசித் துண்டு வரைக்கும் ஒரே நிறம், ஒரே மென்மை.

யாராவது "எந்த பேக்கரிங்க?" என்று கேட்பார்கள், அப்போது என்ன சொல்வது என்று நான் மூன்று வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பையனின் சித்தப்பா கேட்டார். என் வாயில் கேக் இருந்தது. அண்ணி முந்திக்கொண்டாள்: "எங்க நாத்தனா ஊட்டுக்காரரு பண்ணுனதுங்! கடைல எல்லாம் இந்த மாதிரி கெடைக்குமா?" என் வசனத்தை இன்னொருத்தி சொல்லி இவ்வளவு இனித்தது இதுதான் முதல் தடவை.

பிறகுதான் முக்கியமான சங்கதி நடந்தது. பந்தி முடிகிற நேரம். அண்ணன் தட்டோடு வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது துண்டு.

"மாப்ள, கேக்கு அருமைங். நான் நெனைக்கவே இல்ல. செரி, ஒண்ணாந்தேதி காலைல குடோனுக்கு வந்துருங். சாவி எடுத்து வெச்சிருக்கறன்."

இவர் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்தில் மாலை எந்தத் தோளில் போட வேண்டும் என்பதையே அண்ணனைக் கேட்டுத்தான் போட்டார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இது நான் பேசுகிற இடம் இல்லை என்று எனக்கே தெரிந்தது. எனக்கு இப்படித் தெரிவது ரொம்ப அபூர்வம்.

இவர் வாழை இலையை மடித்தார். நிதானமாகத் தண்ணீர் குடித்தார்.

"இல்லீங் மச்சான். சாவிய வேற யாருக்காச்சும் குடுத்துருங். காலைல எனக்கு மாவு பெசையற வேலை இருக்குதுங்."

"ஆர்டரா? யாருக்குங்?"

"ஆர்டர் இனிமேத்தானுங் வரோணும். நாளைக்கு எங்கூட்டுக்குத்தான். பன்னு."

அண்ணன் கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். தலையை ஒரு ஆட்டு ஆட்டினார். தட்டை இவர் பக்கம் நகர்த்தி, "செரிங் மாப்ள. அந்த ஓரத்துத் துண்டு இன்னொண்ணு வெய்யுங்" என்றார்.

இவர் வைத்தார். நான் மறைவாகப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டேன். மண்டபத்தில் ஒரே சாம்பிராணிப் புகை.

அக்டோபர் 27, திங்கள்

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் பன் தயாராகிவிட்டது. தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். பிய்த்தால் ஆவி வந்தது.

"எப்பிடி?"

"பாஸ்" என்றேன்.

உப்பு ஒரு சிட்டிகை குறைவு. அதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.